அருளானந்தம் கன்னத்தில் நடந்த பரீட்சை

ஆளிவிதையை இந்த வீட்டைவிட்டே விரட்டுவது என்று அருளானந்தம் முடிவு கட்டிவிட்டார்.

அவர் மனைவி சலோமி முகத்துக்குப் பூசும் ஜெல் செய்து காரைக்கால் முழுக்க விற்கிறாள். கற்றாழைச் சாறு தண்ணியாக ஓடாமல் கெட்டிப்பட, ஆளிவிதையைக் கொதிக்கவைத்துச் சேர்ப்பாள். கொழகொழவென்று வரும் அதைச் சூட்டோடு துணியில் கட்டிப் பிழியும் உத்தியோகம் அருளானந்தத்துக்கு. பிழியப் பிழிய முழங்கைவரை வழியுமே தவிர, பாத்திரத்தில் விழாது. ஞாயிறு பூசை முடிந்து அரசலாற்றில் தூண்டில் போடவேண்டிய மனுஷர், விரல் வெந்துபோய் அடுப்படியில் நிற்பார்.

"சாந்தன் கம்னு ஒரு தூள் இருக்காம் சலோமி. கிளிசரின்ல குழைச்சு ஊத்தினா தானா கெட்டியாயிடும். பிழியவே வேணாம்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல சும்மாதானே இருக்கேன், போன்ல தேடினேன்."

சலோமி யோசித்தாள். "சரி, அதுல ஒண்ணு பண்றேன். பக்கத்து வீட்டு பஹீமா குடுத்த கடல்பாசியில ஒண்ணு. ஆளிவிதையில ஒண்ணு. உங்க கன்னத்துல பூசிப் பார்ப்போம். நீங்க சொல்றதுதான் முடிவு. டப்பாவுக்கு அடியில பேரை ஒட்டியிருப்பேன், பார்க்கக்கூடாது."

பார்க்காமல் இருப்பாரா? சனிக்கிழமை அவள் குளிக்கப் போனதும் மூன்று டப்பாவையும் தூக்கிப் படித்து, எது எதுவென்று மனப்பாடம் செய்துவிட்டார்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் பரீட்சை. ஆளிவிதை டப்பாவிலிருந்து எடுத்துக் கன்னத்தில் பூசியதுமே முகத்தைச் சுளித்தார்.

"அரிக்குது சலோமி. நத்தை ஊர்றாப்ல இருக்கு."

"இது?"

அது கடல்பாசி. "திங்கத்தான் லாயக்கு. தோலை இழுக்குது."

"இது?"

"ஆகா. இதுதான் ஜெல்லு. பத்து வயசு குறைஞ்சிடுச்சு. இனிமே இதைத் தவிர எதையும் வீட்டுக்குள்ள விடாதே."

"நிச்சயமா?"

"மாதா மேல சத்தியம்."

சலோமி நிதானமாக மூடியைத் திருகினாள். "தூள் நான் வாங்கவே இல்லைங்க. கடல்பாசியை நேத்து பால் ஊத்திக் காய்ச்சினேன், ரெண்டு கிண்ணம் சாப்பிட்டீங்க. மூணு டப்பாவுலயும் இருக்கிறது போன வாரம் நீங்க பிழிஞ்ச ஆளிவிதைதான்."

அருளானந்தம் மூன்று டப்பாவையும் மாறி மாறி முகர்ந்து பார்த்தார்.

"சத்தியம் பண்ணிட்டீங்க, மீற முடியாது. பஹீமா நாத்தனார் வீட்டுக்கு இன்னைக்கு ரெட்டிப்பா வேணுமாம். விதை கொதிக்குது."

வாசலில் தூண்டிலோடு நண்பர்கள் கூப்பிட்டார்கள். அருளானந்தம் சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.