சீனிப்பாகில் தோய்த்த கல்யாண மாலை

ஹட்டன் கடைத்தெருவில் நிற்கும் இரண்டு மாடிக் கட்டடம் நான் கட்டியது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தகப்பன் சொத்தாக ஒரு கம்பளியும் ஓட்டைக் குடையும் பெற்றவன் கட்டியது. பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் நான்தான். (எவனும் உதவவில்லை. உதவ வந்தவனையும் நான் கிட்டே விடவில்லை.) இத்தனை செய்தவனை என் வீட்டில் எதற்காக நினைக்கிறார்கள் தெரியுமா? எறும்புக்காக.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் எனக்குச் சமையல் வேலை. அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அண்ணன் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டான். தொழிலாளர் குடியிருந்த லயத்து ஆட்கள் என்னைப் பங்களாக்காரன் என்று ஒதுக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் கிளப்புக்குக் கிளம்பிவிட்டால் எனக்குத் துணை பனிமூட்டம்தான். அதுவும் சன்னலுக்கு வெளியேதான் நிற்கும்.

துரைசாணி கொக்கி வைத்த ஊசியால் நூலில் பூப் பின்னுவார். குரோஷே என்று அதற்குப் பெயர். பார்த்தே கற்றுக்கொண்டேன். அவர் பின்னியது அவருடைய ஊர் ரோஜா. நான் பின்னியது நம் மலையில் சிவப்பாய்ப் பூக்கும் மகரத்மல், சுருண்ட பெரணிக் கொழுந்து. (என்னுடையதுதான் நன்றாக இருந்தது. அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.) பேச ஆளில்லாதவனுக்குக் கையாவது அசைய வேண்டுமே.

வட்டகொடையில் செல்லம்மாவைப் பெண் பார்த்தேன். அவளுடைய தாய்மாமன் பெரிய மீசைக்காரர்.

"மாப்பிள்ளை பக்கம் யாரு வருவாங்க?"

"நான் வருவேங்க."

"அது தெரியுது. கூட?"

நான் ஓட்டைக் குடையைக் கக்கத்தில் இடுக்கினேன்.

"ஆளில்லாத பயலுக்கு எப்படிப்பா பொண்ணக் குடுக்கிறது? நாளைக்கு ஒண்ணுன்னா யாரைப் போயி கேக்கிறது?"

செல்லம்மாவின் அம்மா அழுது சம்மதிக்க வைத்தார். "மணவறையில ஏதாச்சும் கூத்து நடந்துச்சு, பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லித்தான் மாமன் தலையாட்டினார்.

சரி, பத்துப் பேர் வந்த மாதிரி ஒரு மாலை கொண்டுபோவேன் என்று பின்னினேன். நூல் பூ துவண்டது. துரைசாணி தன் பூக்களைச் சீனிப்பாகில் தோய்த்துக் கணப்படுப்புப் பக்கம் காயவைப்பார். தகடு போல விறைத்து நிற்கும். நான் பாகை இரண்டு மடங்கு கெட்டியாகக் காய்ச்சினேன். பங்களாவில் கணப்படுப்பு இருக்கிறது, கல்யாணம் நடக்கும் வட்டகொடைக் கோயிலில் பனிதான் இருக்கிறது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. போதாததற்கு மாலையை அங்கே சர்க்கரைப் பொங்கல் பானைக்கு மேலே ஆணியில் மாட்டினேன்.

பனியிலும் ஆவியிலும் பாகு கசிந்தது. எறும்புகள் ஒவ்வொரு பூவிலும் குடியேறின. நான் செல்லம்மாவுக்குப் போட்டேன். மாலை மாற்றும்போது அது என் கழுத்துக்கே வந்தது.

முதலில் காலருக்குள், பிறகு முதுகில். பல்லைக் கடித்தேன். கண்ணில் நீர் கொட்டியது.

"பாவம்டி, அப்பா அம்மா நெனப்பு வந்துருச்சு."

"தனியா வளந்த புள்ளைல்ல."

பின்னால் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். (எறும்பு கடித்தது பாதி, அந்தப் பேச்சு கடித்தது பாதி.) ஐயர் தாலியைக் கையில் கொடுத்த நேரம் அக்குளில் ஒன்று கடித்தது. துள்ளிக் குதித்தேன். எனக்கு அருள் வந்துவிட்டதாக நினைத்துத் தப்படிக்கிறவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். நானும் அதற்கேற்ப ஆடினேன்.

"செல்லம்மா, எந்திரி. ஆளும் இல்ல, அடக்கமும் இல்ல. வா போவோம்" என்றார் மாமன்.

அவள் எழவில்லை. என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆளில்லன்னு யாரு மாமா சொன்னது? வரிசையா வந்திருக்காங்க பாருங்க, மாப்பிள்ளை வீட்டாளுங்க." பிறகு என்னிடம் மெதுவாக, "கட்டுங்க. அவங்களக் காக்க வைக்காதீங்க" என்றாள்.

மாமனின் மீசைதான் முதலில் ஆடியது. சிரிப்பு அடங்குவதற்குள் கட்டிவிட்டேன்.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷத்தில் எறும்பு வந்தால், "தாத்தா வீட்டாளுங்க வந்துட்டாங்க, வழி விடுங்க" என்பார்கள். செல்லம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் கொழும்பில். காலையில் சமையலறைச் சன்னலில் ஒரு சிட்டிகை சீனி வைக்கிறேன். வருகிறார்கள்.

ஆனால் ஒன்று. செல்லம்மா சொன்னதைச் சொல்லித்தான் எல்லோரும் சிரிக்கிறீர்கள். சொன்னது அவள்தான், மறுக்கவில்லை. சீனிப்பாகு யாருடையது? மகரத்மல் யாருடையது? அந்த மாலையைப் பின்னியவன் பெயரை முதலில் சொல்லுங்கள். அப்புறம் சிரியுங்கள்.