எல்லாவற்றிலும் சிறந்த வெண்ணெய்

வெண்ணெய் தின்பவர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கையில் கிடைத்த பொட்டலத்தைப் பிரிப்பார்கள், ரொட்டியில் தடவுவார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். நான் சொல்ல வந்தது வேறு ரகம்: வெண்ணெயைத் தேர்ந்தெடுப்பவர். இவர் இன்னும் தின்ன ஆரம்பிக்கவில்லை.

கடையில் இவரைச் சுலபமாகக் கண்டுகொள்ளலாம். குளிர்பெட்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, பொட்டலத்தின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் வாசித்து, மாடு என்ன தின்றது என்று போடவில்லையே என வருந்தி, ஓரத்தில் மெல்ல அமுக்கி, காதருகே கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பார். காதருகே ஏன்? எனக்கும் தெரியாது. பின்னால் நிற்கும் நீங்கள், "கொஞ்சம் நகருறீங்களா?" என்று கேட்டால், "நீங்க எந்த வெண்ணெய் வாங்குறீங்க?" என்பார். சொல்லிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் துக்கம் நடந்துவிட்டதைப் போலப் பார்ப்பார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே பழகியவர், வீட்டுக்கு வந்ததும் தன் நாக்கிடம் அதையே கேட்கிறார். தினசரி உபயோகத்துக்கு ஒரே ஒரு வெண்ணெய், இருப்பதிலேயே சிறந்தது. அதைக் கண்டுபிடிக்கும்வரை வீட்டில் யாரும் வெண்ணெயைத் தொடக் கூடாது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிப்டு. பாவம், வெறும் ரொட்டியைத் தேநீரில் முக்கி விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்.

"ஏங்க, இன்னிக்காவது கொஞ்சம் தடவிக்கட்டுமா?"

"அவசரப்படாதே. உனக்காகத்தானே இவ்வளவும்!"

உறையைப் பார்த்தால் மனசு சாய்ந்துவிடும் அல்லவா? அதனால் எல்லாப் பொட்டலங்களையும் பிரித்து ஒரே மாதிரிக் கிண்ணங்களில் வைக்கும்படி மனைவியிடம் சொன்னார். வைத்ததும் ஒரு சந்தேகம்: இவள் முகமே காட்டிக்கொடுத்துவிட்டால்? அந்த அம்மாளை வெளியே அனுப்பிவிட்டு, மாடியில் குடியிருக்கும் மச்சானைக் கூப்பிட்டுக் கிண்ணங்களை இடம் மாற்றச் சொன்னார். உறைகள் குப்பை வண்டியோடு போயின. எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! பிறகு வெந்நீரில் வாய் கொப்பளிப்பதும், கரண்டி நுனியை நாக்கில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதும், "பேசாதீங்க, கரையுது" என்று கையை உயர்த்துவதுமாக நாட்கள் போயின. கடைசியில் ஒரு காலையில் தீர்ப்பு வந்தது.

"இதான்! இதுக்கு மேல ஒரு வெண்ணெய் கிடையாது. இது எதும்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? இடம் மாத்துனது என் தம்பி."

"மாப்ளே?"

"மாத்தினேன் மாமா. எதுல எது இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலையே."

மூவரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

"ரகசியம்னா இதான் மாமா ரகசியம்," என்றான் மச்சான்.

அவர் அசரவில்லை. எல்லாவற்றிலும் மறுபடி ஒவ்வொன்று வாங்கி வந்து, ஜெயித்த வெண்ணெயோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தீர்ந்தது! சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினார். பையும் கையுமாகத் திரும்பியபோது மேஜையில் அந்தக் கிண்ணம் பளபளவென்று இருந்தது. கழுவியதால் அல்ல; ரொட்டியால் வழித்ததால். அந்த அம்மாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அதை என்ன பண்ணினே?"

"தின்னுட்டேன்."

மச்சான் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்தார்.

"எப்படி... எப்படி இருந்துச்சு?"

"வெண்ணெய் மாதிரி இருந்துச்சுங்க."

அன்று அந்த அம்மாள் பஸ்ஸுக்கு ஓடவில்லை. நிதானமாக நடந்தே போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அந்தக் கிண்ணத்தில் இருந்தது உப்புப் போட்டதா, போடாததா என்று நடுவில் ஒரு தடவையாவது உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், உங்கள் வீட்டில் காலையில் வேலைக்குப் போகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.