உன் மருமகள் வாய் திறக்கவில்லை

அன்பில் குறை வைக்காத அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீ, அத்தான், இரட்டைவால்கள் இரண்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை; எழுதிவிட்டேன், முறை முடிந்தது. இனி உண்மையைச் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

உன் மருமகள் பிறந்து ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது. ஆறு மாதம் முடிந்த அன்று நீ எழுதி அனுப்பினாயே நான்கு பக்க அட்டவணை, அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, முதல் வாரம் மசித்த வாழைப்பழம், அடுத்த வாரம் மசித்த கேரட், அதற்கடுத்து பருப்புத் தண்ணீர் விட்டுக் குழைத்த சோறு என்று ஒரு வரி பிசகாமல் செய்துவருகிறேன். கரண்டி வருவதைப் பார்த்ததும் இரண்டு உதடுகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு, கடையடைப்பு அன்று கதவைச் சாத்துவதுபோலச் சாத்திவிடுகிறாள். ரயில் விட்டேன். குதிரைபோலக் கனைத்தேன். தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஆடினேன். எல்லாவற்றையும் கவனமாகப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரே ஒருமுறை தானாக வாயைத் திறந்தாள். பாய்ந்து கரண்டியை நீட்டினேன். அது தும்மலுக்காகத் திறந்த வாய் என்பது எனக்குத் தெரிவதற்குள் என் மூக்குக்கண்ணாடிக்குத் தெரிந்துவிட்டது.

உன் தம்பி மனைவி தபால் அலுவலகத்துக்குத் திரும்பிப் போய் மூன்று மாதமாகிறது. நான் வீட்டிலேயே உட்கார்ந்து அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவன் என்பதால் குழந்தையும் அவள் சாப்பாடும் என் பொறுப்பு. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவனை ஊரே சும்மா இருக்கிறவன் என்றுதானே சொல்கிறது! போன வாரம் ஒரு எலும்பு மருத்துவர் எழுதிய புத்தகத்தைத் திருத்திக்கொண்டே ஒரு கையால் இவளுக்கு பீட்ரூட் ஊட்டினேன். 'தூ' என்று ஒரு துப்பு. துடைத்துவிட்டு அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு சொட்டு என் கண்ணில் படவில்லை, அக்கா. அது போய் விழுந்த இடம் ஒரு அத்தியாயத்தின் தலைப்பு. 'பல மருத்துவர்களிடம் காட்டியும் தீராத முழங்கால் வலி' என்ற தலைப்பில், இரண்டாவது எழுத்தின் நடு உச்சியில், நான் சிவப்பு மையால் வைத்த புள்ளிபோலவே உட்கார்ந்துகொண்டது. அச்சுக் கோப்பவர் பாவம், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, 'பல் மருத்துவர்களிடம் காட்டியும் தீராத முழங்கால் வலி' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்.

டாக்டர் நேராக எனக்கே போன் செய்தார். "ஏங்க, முழங்கால் வலிக்கு எவனாவது பல் டாக்டர்கிட்ட போவானா? போனாலும் தீரலைன்னு வேற போட்டிருக்கீங்க!" என்று கத்தினார். அச்சக முதலாளி கத்தவில்லை. "இருபது வருஷத்துல உன் கையில ஒரு புள்ளி தப்பினதில்லையே. வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். என்னவென்று சொல்வேன்? ஒன்பது மாதக் குழந்தை என்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறது என்றா?

இதுவரை சிரித்திருந்தால் இனிச் சிரிக்காதே. செவ்வாய்க்கிழமை எடை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். நர்ஸம்மா தராசைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், குழந்தையைத் தூக்கி மறுபடியும் தராசில் வைத்தார். "போன மாசமும் இதே எடைதான் சார். அடுத்த மாசமும் கோடு மேல ஏறலைன்னா பெரிய டாக்டரைப் பார்க்கணும்" என்றார், மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் வரும்போது உன் தம்பி மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான், "நான் இன்னும் கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கணும்" என்றாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைவிடப் பெரிய குறை என்ன இருக்கிறது, சொல்.

மறுநாள் பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. அடைக்காமல் என்ன செய்யும்? மூன்று மாதமாக இவள் தின்னாததை எல்லாம் அதுதானே தின்றது. குழாய்க்காரர் வந்து கீழே குனிந்து மூடியைக் கழற்றினார். ஒரு வாளி நிறைய வந்தது.

"சார், வீட்டுல ஹோட்டல் நடத்துறீங்களா?"

"ஒரு ஆளுக்குத்தான் சமைக்கிறேன்" என்றேன்.

"எங்க அவரு?"

நான் மேஜைக்கு அடியில் காட்டினேன். அங்கே உட்கார்ந்து என் செருப்பின் வாரைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிய மதியமாகிவிட்டது. அவர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். பருப்புச் சோறு, ஒரு அவித்த முட்டை. பிசைந்து ஒரு வாய் வைத்திருப்பார். உன் மருமகள் செருப்பை விட்டுவிட்டுத் தவழ்ந்து போனாள், அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், அண்ணாந்து பார்த்து "ஆ" என்றாள். தும்மலுக்காக இல்லை, அக்கா. நிஜமான "ஆ".

"குடுக்கலாமா சார்? எனக்கு வயித்துப்புண்ணு. எங்க வீட்டுல காரம், உப்பு எதுவுமே போட மாட்டாங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். பதினோரு வாய் சாப்பிட்டாள், எண்ணினேன். அதுவும் நான் சல்லடையில் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்ததைத் துப்பியவள், விரலால் நசுக்கிய முட்டையையும் பருக்கை பருக்கையான சோற்றையும் இரண்டு பல்லை வைத்துக்கொண்டு அசைபோட்டு விழுங்கினாள். எனக்கு வந்தது சந்தோஷம் என்று நினைக்காதே. பொறாமை! "என்ன வித்தை பண்ணினீங்க?" என்று கேட்டேன். "நான் ஒண்ணும் பண்ணலையே. பசிச்சுது, சாப்பிட்டேன்" என்றார். என்ன திமிர் பார் என்று அப்போது தோன்றியது.

அடுத்து நான் செய்த காரியத்தை அத்தானிடம் சொல்லிவிடாதே. மறுநாள் காலை இரண்டு குட்டி உருளைக்கிழங்குகளை நானே தொட்டிக் குழாய்க்குள் அழுத்தித் தள்ளிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். வந்தார். குனிந்தார். எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சார், இது முழு உருளைக்கிழங்கு. தோல்கூட உரிக்கல."

"சாப்பிட்டுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன். வேறு வீட்டில் வேலை முடித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். உன் மருமகள் அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்து, தூக்கு இல்லை என்று தெரிந்ததும் ஓவென்று அழுதாள். "நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு வர முடியுமா? சும்மா, குழாயைப் பார்க்க" என்று கெஞ்சினேன். அவர், "அப்பா நீங்க இருக்கீங்களே சார்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் இருந்து என்ன, அக்கா? பெற்ற குழந்தைக்கு ஒரு வாய் ஊட்டத் தெரியாத அப்பன் நான். இவள் பட்டினியாக இருக்கும்போது எங்களுக்கு மட்டும் எப்படி இறங்கும்? அவள் தூங்கின பிறகு, அடுப்படியில் நின்றபடியே ஆளுக்கொரு நேரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். மூவரும் சேர்ந்து இளைத்துக்கொண்டிருக்கிறோம். நீ இரண்டை ஒரே நேரத்தில் வளர்த்தவள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ரயில் ஏறி வா. ஒரு மாதமாவது இரு. அதுவும் முடியாது என்றால் குழந்தையை வந்து கூட்டிக்கொண்டு போ. இதை எழுத என் கை கூசுகிறது; ஆனாலும் எழுதிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். இரட்டைவால்களுக்கு மாமாவின் முத்தம். அவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் தயவுசெய்து எனக்கு எழுதாதே.

தோற்றுப்போன,
உன் தம்பி

பின்குறிப்பு: வர வேண்டாம். ஒட்டின உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் தலை சுற்றியது. ஆறின சோற்றில் பருப்பை ஊற்றிக்கொண்டு, நாற்காலிவரை போகக்கூடத் தெம்பில்லாமல், தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளை நான் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் பக்கம் திரும்பக்கூடப் பிடிக்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், தட்டுக்குள் ஒரு குட்டிக் கை வந்தது. முதல் பிடி அவள் காதுக்குப் போனது. இரண்டாவது பிடி வாய்க்குப் போனது. மூன்றாவதற்கு என் முகத்தைப் பார்த்து "ஆ" என்றாள். நான் மூச்சே விடவில்லை, அக்கா, எங்கே நிறுத்திவிடுவாளோ என்று. நிறுத்தவில்லை. அவள் அம்மா வேலையிலிருந்து வந்ததும் மூன்று தட்டு வைத்து, மூவரும் தரையில் உட்காரப் போகிறோம். அதுவரை எப்படித் தாங்குவேன் என்றுதான் தெரியவில்லை. என் தட்டில் எனக்கு ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.