கொட்டகையில் பாதி விறகு

பார்லோ கார்னர், வெர்மான்ட்
மார்ச் 5 முதல் 9 வரை (ஒரே மூச்சில் எழுத எனக்கு அனுமதி இல்லை)

மதிப்பிற்குரிய அக்கா வினிஃப்ரெட்டுக்குத் தம்பி ஆரின் எழுதுவது.

அரிசோனாவில் நீயும் உன் கள்ளிச்செடிகளும் நலம் என்று கடிதத்தில் கண்டு சந்தோஷம். இங்கே நான் நலமாக இல்லாவிட்டாலும் என் உடம்பில் குடியிருக்கும் மூன்று விருந்தாளிகளும் பரம சௌக்கியம். எல்லாம் உண்ணிக்கடிக் கிருமிகள்: லைம் ஒன்று, பபீசியா ஒன்று, பார்ட்டனெல்லா ஒன்று. கல் சுவர் ஓரத்துப் புதரிலிருந்து எள்ளளவு உண்ணி ஒன்று என் முழங்கால் மடிப்பில் வந்து உட்கார்ந்தபோது, தனியாக வரக் கூச்சப்பட்டு இவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. நாலு வருஷமாகியும் கிளம்பும் உத்தேசம் தெரியவில்லை.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் தங்கி என்னைப் பார்த்துக்கொள்ள வருவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். அறுபத்தேழு வயதில் எனக்கு ஆயா தேவையில்லை. முறைப்படி வைத்தியம் நடக்கிறது, நானும் முறைப்படி நடக்கிறேன். இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வைத்தியம் செய்கிறவர் டாக்டர் ப்ரூடன்ஸ் ஹேல். வயது என்னில் பாதி, பொறுமை என்னைப்போல் இருபது மடங்கு. முதல் நாளே சொல்லிவிட்டார். "மிஸ்டர் தர்லோ, எல்லா மருந்தையும் ஒண்ணா ஆரம்பிக்க மாட்டேன். ஒரு கிருமி, ஒரு மருந்து, அதுலயும் கால் பங்கு. கிருமி சாகும்போது உங்கள ரெண்டு உதை உதைச்சிட்டுத்தான் சாகும். தாங்கினீங்கன்னா அடுத்த கால் பங்கு. தாங்கலன்னா நிறுத்தி, படுத்து, ஆறி, அப்புறம்தான் மறுபடியும்." எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். "நீங்க அவசரப்படாம இருக்க எவ்ளோ நாள்ல கத்துக்கிறீங்களோ, அதுக்கப்புறம் கொஞ்ச நாள்" என்றார். பிறகு நம் ஊர்ப் பேச்சையே எடுத்து என்னை மடக்கினார். "குளிர்காலம் பாதி போன பிப்ரவரி ரெண்டாந்தேதி கொட்டகையில பாதி விறகு மிச்சம் இருக்கணும்னு சொல்வீங்கல்ல? உடம்புக்கும் அதேதான். பாதி தெம்பு இருக்கும்போதே வேலைய நிறுத்தணும். தீர்ந்தப்புறம் நிறுத்தினா அதுக்குப் பேரு நிறுத்தறது இல்ல, விழறது."

எனக்கு அந்தக் கால் பங்கு மாத்திரை அவமானமாக இருந்தது. நம் அப்பா எந்தக் காலத்தில் கோடரியைக் கால் பங்கு ஓங்கினார்? ஆகவே முதல் சனிக்கிழமையே முழு மாத்திரையைப் போட்டு, துணைக்கு இரண்டாம் விருந்தாளிக்கான மருந்தையும் விழுங்கி, இரண்டு கழுதையையும் ஒரே தடியால் ஓட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் பல் தந்தியடித்தது, நாலு ஃபிளானல் சட்டை நனைந்தது, சத்தம் போடுகிறது என்று குளிர்சாதனப் பெட்டியோடு சண்டைக்குப் போனேன், அதுவும் விட்டுக்கொடுக்கவில்லை. டாக்டருக்கு ஃபோன் செய்தேன். "விறகு எவ்ளோ மிச்சம்?" என்றார். "கொட்டகையே எரிஞ்சு போச்சு டாக்டர்" என்றேன். "சரி. பத்து நாள் எதையும் தொடாதீங்க. அப்புறம் கால் பங்குலருந்து."

அந்தப் பத்து நாளில் பனி கொட்டியது, எதிர்வீட்டு டெல்பர்ட் காப் என் வாசல் பனியை அள்ளிவிட்டான். எல்லை ஆப்பிள் மரத் தகராறுக்குப் பிறகு இருபது வருஷமாக நானும் அவனும் வானிலை தவிர வேறு பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஒருவன் உன் வாசலை அள்ளினால் அடுத்த பனிக்குள் நீ ஏதாவது திருப்பிச் செய்யாவிட்டால் அவன் முகத்தில் விழிக்க முடியாது என்பதும் தெரியும். ஆகவே உடம்பு கொஞ்சம் தேறிய முதல் நாளே போய் அவன் வாசலை அள்ளினேன். நாற்பதாவது தடவை வாரிப் போட்டபோது இருபது வயதுப் பையன் மாதிரி இருந்தது, ஆபத்தே அங்கேதான், பதினொரு நாள் படுத்தேன். நான் வெளியே வராததைப் பார்த்து அவன் மறுபடி என் வாசலை அள்ளி, ஒரு பானை வேகவைத்த பீன்ஸும் வைத்துவிட்டுப் போனான். இப்போது கணக்கு இரண்டு. அடுத்த நல்ல நாளில் போய் அவனுக்கு அடுப்புச் சிராய் பிளந்தேன், ஒன்பது நாள் படுத்தேன், அவன் மறுபடி அள்ளினான். கடைசியில் ஜன்னலைத் தட்டிச் சொன்னான். "ஆரின், உனக்குப் புண்ணியமாப் போவுது, திருப்பிச் செய்யறத நிறுத்து. நீ ஒரு தடவ அள்ளினா நான் மூணு தடவ அள்ள வேண்டியிருக்கு. என் முதுகு போச்சு."

அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். மார்ச் முதல் செவ்வாய் ஊர்க்கூட்டம். இருபத்திரண்டு வருஷமாகத் தலைவரின் சுத்தியல் என் கையில், ஆறு மணி நேரம் நின்றே நடத்தியிருக்கிறேன். இதுவரை நான் நோய் வந்த மனிதன். இந்த வருஷம் சுத்தியலைக் கொடுத்துவிட்டால் நோயாளி. அப்படி ஆக எனக்கு விருப்பமில்லை. கால் பங்கு மாத்திரையைக் கால் பங்காகவே விழுங்கினேன். அம்மா சமையலறையில் வைத்திருந்த, நேரமானால் கூவும் கோழி டைமரை எடுத்து வைத்துக்கொண்டு தினம் பத்து நிமிஷம் உட்கார்ந்து உரக்கப் பேசிப் பழகினேன், மறுவாரம் பன்னிரண்டு, அதற்கு அடுத்த வாரம் பதினைந்து. இன்னும் முடியும் என்று தோன்றிய ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். நம் குடும்பத்தில் பல்லைக் கடித்து வேலை செய்தவர்கள் உண்டு, நிறுத்தியவன் நான்தான்.

கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்துதான் நடத்தினேன். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கோழி கூவும், நான் சுத்தியலைத் தட்டி இடைவேளை விட்டு மேடைப் பெஞ்சில் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன். சாலை சமன் செய்யும் வண்டி வாங்குவதைப் பற்றி டெல்பர்ட் கையை உயர்த்திக்கொண்டு, "இதோட முழு வரலாற்றையும் சொல்லணும்னா" என்று ஆரம்பித்தான். கோழி கூவியது. ஊரே கைதட்டியது. இடைவேளையில் இரு கட்சிக்காரர்களும் ஒரே கேக் தட்டின்முன் மாட்டிக்கொண்டு, வாயில் கேக் இருக்கும்போது கத்த முடியாமல் சமாதானமாகிப் போனார்கள். மூன்று மணிக்குமுன் முடிந்தே இராத கூட்டம் பன்னிரண்டரைக்கு முடிந்தது. "அடுத்த வருஷம் ஆரினுக்கு உடம்பு நல்லாயிட்டாலும் படுத்துக்கிட்டேதான் நடத்தணும்" என்று யாரோ தீர்மானம் கொண்டுவர, எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

டெல்பர்ட்டின் வண்டியில்தான் வீடு திரும்பினேன். ஏற முடியவில்லை அக்கா. கால் தரையை விட்டு எழவே இல்லை. அவன் குனிந்து என் பூட்ஸைப் பிடித்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு வெயில் வரும்போல இருக்கு" என்றான். "வரட்டும்" என்றேன்.

ஆனால் பார், அதற்குப்பின் நான் படுத்தது புதன் ஒரு நாள்தான். பதினொன்று ஒன்றாகிவிட்டது. வைத்தியம் பலிக்கிறது, மூன்று விருந்தாளிகளையும் ஒவ்வொருவராக, மரியாதையாக, கதவு வரை கொண்டுபோய் விடுவேன். ஆகவே உன் உதவிக்கு நன்றி, அவசியமில்லை.

உன் முழங்காலைக் கவனித்துக்கொள். கள்ளிச்செடிகளுக்கு என் விசாரிப்பைச் சொல்.

பணிவன்புடன்,
ஆரின் தர்லோ

பின்குறிப்பு: பனி உருகிச் சேறு தொடங்கிவிட்டால் நம் ரோட்டில் எந்த வண்டியும் வராது, அதற்குள் வந்துவிடு. மேலறைக் கட்டில் தயார். வியாழன் மெத்தையை உதறிப் போட்டேன், அதற்கு அரை மணி கழித்துத்தான் மேலே 'வேண்டாம்' என்று எழுதினேன். வெள்ளி விரிப்பு. சனி கம்பளி. ஞாயிறு ஜன்னலைத் துடைத்தேன். தலையணை உறை மட்டும் பாக்கி. தெம்பு இருக்கிறது, இப்போதே போட்டுவிடலாம். ஆனால் பாதியில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அதை நீ வந்து போடு.