அக்கா நிச்சயத்தில் நான் ஆற்றிய உரை

காது கேட்காதவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் காதை மட்டும்தான் கொண்டுபோனது. வாயை அப்படியே விட்டுவிட்டது. அதனால் ஊரில் யாருக்கெல்லாம் என்ன ஆனதோ தெரியாது, ஒரு வேன் நிறைய ஆட்கள் வேதாரண்யத்துக்குத் திரும்பிப் போகப் பார்த்தார்கள்.

எங்கள் ஊர் பொறையாருக்குப் பக்கத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். அம்மா, அப்பா, அக்கா எஸ்தர், நான். பெயர் ரூபி. நான் பொறையாரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வாய் அசைவைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வேன். மீதிப் பாதிக்கு அக்கா. கோயிலில் போதகர் பிரசங்கம் செய்தால், என் உள்ளங்கையில் விரலால் எழுதிச் சுருக்கம் சொல்வாள். (போதகர் அரை மணி நேரம் பேசுவார். என் கையில் நாலு வார்த்தைதான் வரும். எனக்கென்னவோ அதுவே போதுமானதாக இருந்தது.) வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். "என்ன, என்ன?" என்று கேட்டால் அம்மா "ஒண்ணுமில்லம்மா, சாப்புடு" என்பாள். அக்கா மட்டும்தான் அது என்ன "ஒண்ணுமில்ல" என்று சொல்வாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயதில் வேதாரண்யத்திலிருந்து ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை சாமுவேல், பள்ளிக்கூட ஆசிரியர். நிச்சயத்துக்குப் பத்து நாள் முன்னால் அக்கா என் போனில் ஒரு செயலியை ஏற்றிக்கொடுத்தாள். எதிரில் பேசுவதைக் கேட்டுத் திரையில் எழுத்தாகக் காட்டும். "நான் இல்லன்னாலும் இது இருக்கும்ல" என்றாள். எனக்கு அது பரிசாகத் தெரியவில்லை. வேலையை விட்டுப் போகிறவர் தன் இடத்துக்கு ஆள் வைத்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

வந்த ஆள் சரியில்லை என்பது முதல் நாளே தெரிந்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்துவிட்டதென்று அப்பா கிளம்பும்போது, "மடைய அடைச்சிட்டு வரேன்" என்றார். திரையில் "மடையனை அடிச்சிட்டு வரேன்" என்று வந்தது. அப்பா யாரை அடிக்கப் போகிறாரோ என்று வாசல்வரை ஓடினேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரமே வந்துவிட்டார்கள். சமையல் ஆகவில்லை. பசியோடு இருப்பார்களே என்று சித்தப்பா வண்டியில் ஓடிப்போய்ப் பேக்கரியில் பன் வாங்கிவந்தார். டீயும் பன்னும் தட்டுத் தட்டாகக் கூடத்துக்குப் போயின. அக்கா உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தாள். நான் கூடத்து மூலையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்துப் பதினைந்து வாய்கள் ஒரே நேரத்தில் அசைந்தன. எதைப் பார்ப்பது? திரையைப் பார்த்தேன்.

"பொண்ணு பழசு போல இருக்கே" என்று எழுதியிருந்தது.

யார் சொன்னது என்று அதில் வராது. நிமிர்ந்தேன். மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். கண்ணில் சிரிப்பு. மறுபடி திரை.

"கடைசியில் நம்ம தலையில கட்டிட்டான்."

அடுத்த வரி: "பிடிக்கலைன்னா விட்டுடுங்க. வேற பார்த்துக்கலாம்."

எழுந்து நின்றேன். என் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்பது எனக்குத் தெரியாது. தெரு முனையில் நின்றவர்களுக்குத் தெரிந்ததாம்.

"யாரு பழசு? எங்கக்காவுக்கு முப்பத்தொண்ணுதான் ஆவுது! உங்க புள்ளைக்கு என்ன, பதினெட்டா? போட்டோல இருந்த முடில பாதிகூட வேன்ல வந்து எறங்கலையே! யாரு யாரு தலைல கட்டப் பாக்குறது? எந்திரிங்க எல்லாரும், பன்னெண்டு மணிக்கு வேதாரண்யம் பஸ்ஸு இருக்கு!"

(வேனில் வந்தவர்களுக்கு எதற்குப் பஸ் நேரம் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.)

எல்லா வாய்களும் நின்றுவிட்டன. அமைதி எனக்குப் புதிதில்லை. ஆனால் எல்லோரும் என்னோடு சேர்ந்து அதில் இருந்தது அப்போதுதான். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அரைகுறையாகக் கட்டிய புடவையோடு அக்கா ஓடிவந்தாள். சித்தப்பா கையை உதறி உதறி அவளிடம் ஏதோ சொன்னார். அவள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"பன்னுடி," என்றாள் வாயைப் பெரிதாகத் திறந்து. "பன்னு பழசு. கடைக்காரன் சித்தப்பா தலைல கட்டிட்டான்."

மடியிலிருந்து கீழே விழுந்து கிடந்த போனில், "பன்" என்று முதல் முறையாகச் சரியாக எழுதியிருந்தது.

கொல்லை வழியாக ஓடிப்போய் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எதிரே நடவு முடிந்த வயல். என்னை யாரும் கூப்பிட்டுத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. தேடித்தான் வர வேண்டும். வெகு நேரம் யாரும் வரவில்லை. வேன் கிளம்பியிருக்கும், அது எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட மோசமான ஒன்றும் அங்கே உட்கார்ந்தபோது உறைத்தது. அந்த மூன்று வரியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. அக்கா போகமாட்டாள் என்ற சந்தோஷம். அதன் மேல்தான் கோபத்தைப் போர்த்திக்கொண்டு எழுந்திருக்கிறேன்.

கடைசியில் அக்கா வந்தாள், பின்னாலேயே மாப்பிள்ளை. அவர் என் போனை என்னிடம் நீட்டி, அதன் அருகே குனிந்து நிதானமாகப் பேசினார். திரையில் வந்தது: "முடி கொட்டினது உண்மைதான். அந்த போட்டோ எடுத்து ஆறு வருஷம் ஆச்சு." அதை மட்டும் அந்தச் செயலி ஒரு பிழையும் இல்லாமல் எழுதியது.

அவர் போனபிறகு அக்காவிடம் சொன்னேன். "இது நின்னு போனா நல்லாருக்கும்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன்க்கா."

"தெரியும்," என்றாள். என் தோளில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். பிறகு, "வா, வேன்ல ஏறப் போனவங்கள உக்கார வச்சாச்சு. மோதிரம் மாத்தணும்" என்றாள்.

அடுத்த மாதமே கல்யாணம். அவள் போனபிறகு சாப்பாட்டு நேரத்தில் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொள்வேன். அப்பா அதைப் பார்த்ததும் குரலை மாற்றி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி "மழை வரும். துணி எடு" என்பார். நான் எடுப்பேன். அவரும் அம்மாவும் தங்களுக்குள் பேசுவதைத் திரை பாதி எழுதும், பாதி விழுங்கும். இரண்டு பேரும் சிரிக்கிற இடத்தில் பெரும்பாலும் ஒன்றும் எழுதாது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டாரும் கூடும்போது எங்கள் வீட்டில் யாரும் பன் வாங்குவதில்லை. மீறி யாராவது வாங்கிவந்தால், மாப்பிள்ளையின் அப்பா அதை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவார். "பொண்ணு புதுசுதானே?" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்குத் திரை வேண்டாம், உதட்டைக்கூடப் பார்க்க வேண்டாம், அவர் கை போகிற தினுசே போதும். கூடம் முழுக்கச் சிரிக்கும். எல்லோரும் சிரிக்கிற அதே நொடியில் நானும் சிரிப்பேன். வருஷத்துக்கு ஒருமுறை எனக்கு அது வாய்க்கிறது. அப்புறம் பேச்சு வேறெங்கோ போய்விடும். நான் பன்னைப் பிய்த்து டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருப்பேன்.