ஹெண்டல் ஆடுது, ராணி!

வருகிற நீண்ட விடுமுறைக்கு நண்பர்களோடு என் பெரிய மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சயாமுக்குப் போவதென்று முடிவெடுத்தேன். அதுவும் தனியாக. தனியாக என்றால், முன்னால் நான், பின்னால் காற்று.

அந்தக் காற்று உட்கார வேண்டிய இடத்தில்தான் கல்யாணமான நாள் முதல் என் மனைவி விஜயராணி உட்கார்ந்து வருகிறாள். பின்சீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது போல ஓர் உரிமை. அவளை எப்படி இறக்கிவிடுவது?

முருகப்பெருமான் கைகொடுத்தார். ஈஜோக் பட்டணத்திலிருந்து வீடு திரும்பும்போது, வேகத்தைக் குறைத்ததும் மோட்டாரின் முன்பக்கம் ஆடியது. சாதாரண ஆட்டமா? ஹெண்டல் இடமும் வலமுமாக, "மாட்டேன், மாட்டேன்" என்று தலையாட்டியது. வேறொருவனாக இருந்தால் பயந்திருப்பான். எனக்கோ சிரிப்பு வந்தது.

சாயங்காலம் தேநீர் வந்தது. ஆரம்பித்தேன்.

"ராணி, மோட்டார் முன்னுக்கு ஆடுது."

"டயர்ல காத்து பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். காத்துல கோளாறு இல்ல. பின்னுக்கு பாரம் ஏறுனா முன்னுக்கு லேசாயிடும். லேசானா ஆடும். இது விஞ்ஞானம்."

"பின்னுக்கு என்னங்க பாரம்?"

"பெட்டி இருக்குல்ல..."

"பெட்டியில மழைக்கோட்டு ஒண்ணுதானே கெடக்கு?"

"பெட்டிக்கு முன்னுக்கு..."

டம்ளரை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் எனக்கே முன்பக்கம் ஆடியது.

"ஓஹோ. நான்தான் பாரமா?"

"சேச்சே! உன் பாதுகாப்புக்குத்தான் லா! ஆடுற மோட்டார்ல உன்னை ஏத்திக்கிட்டு அவ்வளவு தூரம் போக மனசு வருமா? நான் மட்டும் எப்படியோ உயிரைப் பணயம் வச்சி..."

"நாளைக்குக் காலைல சேது கடைக்குப் போறோம்."

போனோம். மோட்டார் பழுதுபார்க்கும் சேது முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினான். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இறங்கும் கால்களைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தான். 'டக், டக்' என்றது.

"அண்ணே, ஹெண்டல் திரும்புற கழுத்து பேரிங் லூசு. டயரும் மேடுபள்ளமா தேஞ்சிருக்கு. ஆடாம என்ன செய்யும்?"

"பின்னுக்கு ஆள் உக்காந்ததாலயா தம்பி?" என்று கேட்டாள் ராணி.

நான் சேதுவைப் பார்த்துக் கண்ணடித்தேன். மறுபடியும் அடித்தேன்.

"இல்லக்கா. தனியா போனாலும் ஆடத்தான் செய்யும். என்னண்ணே, கண்ணுல தூசியா?"

பழைய டயரும் பேரிங்கும் போயின. அதோடு என் பேரமும் போனது.

வேலை முடிந்ததும் ராணி பின்னால் ஏறிக்கொண்டாள். "ஓட்டுங்க, பாப்போம்."

செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே போகிற ரோட்டில் மோட்டார் வெண்ணெயில் கத்தி போல் வழுக்கிக்கொண்டு போனது. வேகத்தைக் குறைத்தேன். ஆடும் என்று காத்திருந்தேன். ஆடவில்லை. துரோகி! வேறு வழியில்லை. மெதுவாகப் போகும்போது என் கையாலேயே ஹெண்டலை லேசாக ஆட்டினேன்.

"பாத்தியா ராணி! இன்னும் ஆடுது!"

"நிறுத்துங்க."

இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அப்படியொரு கவலை.

"மோட்டாரைத்தான் சரி பண்ணியாச்சே. அப்படியும் ஆடுதுன்னா உங்க கைதான் நடுங்குது. நரம்புத் தளர்ச்சி. இப்பவே கிளினிக் போவோம். டாக்டர் சொல்ற வரைக்கும் மோட்டாரைத் தொடக்கூடாது. சயாமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"என் கை நல்லாத்தான் இருக்கு!"

"அப்ப ஏன் ஆடுச்சி?"

செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லோரி எங்களைக் கடந்தது. அதில் தொற்றிக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வேகமாகப் போய்விட்டது.

"நான்தான் ஆட்டினேன்."

"எதுக்கு?"

"உன்னை விட்டுட்டுப் போலாம்னு..." அவள் பார்த்த பார்வையில் வாய் தானாக ஓடத் தொடங்கியது. "புத்தி கெட்டுப்போச்சி ராணி! நீ இல்லாம எனக்கு எதுக்கு சயாம்? நீ வரணும். கண்டிப்பா வரணும். வந்தே ஆகணும்!"

ராணி வாய்விட்டுச் சிரித்தாள்.

"நானா? நான் வர்றதாவே இல்லீங்க. நீங்க போனதும் சுங்கை ஆயர் தாவார்லருந்து தங்கச்சிய வரச் சொல்லி, ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சிருந்தேன். நீங்க பத்திரமா போய் வரணுமேன்னுதான் சேதுகிட்ட கூட்டிட்டுப் போனேன்."

"அப்ப நீ... வரலையா?"

குரலில் எட்டிப்பார்த்த சந்தோஷத்தை நான் அடக்கியிருக்க வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உடனே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பின்சீட்டில் ஏறி, வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"புருஷன் இவ்வளவு ஆசையா கெஞ்சிக் கூப்பிடும்போது, எப்படிங்க வராம இருக்கறது?"