ஐஸ் அறைச் சாவிக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை

தாராவாவில் மின்சாரத் திட்ட அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் என் தங்கை மகன் இயோதேபாவுக்கு, மாராவா தீவிலிருந்து தாய்மாமன் நாகிபே சொல்லி அனுப்புவது. மௌரி, சுகமாக இரு மருமகனே. நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். எனக்கு எழுத்து வராது, ஞாபகம் வரும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் மருந்தகத்து நர்ஸ் மரேதா. கப்பல் கொப்பரை ஏற்றிக்கொண்டிருக்கிறது, அது கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்துகிறாள்.

முதல் சோலார் விளக்குகள் நம் தீவுக்கு வந்தது எந்த வருஷம் என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்குமே தெரியவில்லை என்று ரேடியோவில் சொன்னாயாம். எனக்குத் தெரியும். கொப்பரைக் கப்பல் நம் பாறைத்திட்டில் ஏறி உட்கார்ந்து, அதன் சமையல்காரன் இறங்கி வந்து நம் ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட வருஷம் அது. கடல் கரை தாண்டி வந்து வடக்குப் பக்கத்துக் குழிகளில் இருந்த சேம்பெல்லாம் உப்பில் அழுகினதும் அதே வருஷம்தான். இரண்டு கிறிஸ்தவ சபைக்காரர்களும் பந்து விளையாடி, ஆட்டம் முடியுமுன்பே நடுவர் படகேறிப் போனதும் அப்போதுதான். இதற்கு மேலும் உங்களுக்கு நம்பர் வேண்டுமானால் அந்தச் சமையல்காரனின் மூத்த மகளுக்கு என்ன வயது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த விளக்குகள் ஏன் அணைந்தன என்று கேட்டிருந்தாய். உன் பெட்டியில் இருக்கிற பழைய அறிக்கையில் "பராமரிப்பு இல்லை" என்று எழுதியிருக்கிறதாம். அது பொய். பராமரிப்பு இருந்தது, கேள். அந்த வருஷம் அதிகாரி ஒருவர் வந்து ஊர்க்கூடத்தில் உட்கார்ந்து, "வீட்டுக்கு ஒரு தகடு, ஒரு பேட்டரி, ரெண்டு விளக்கு. அளந்து கொடுத்திருக்கு. யாரும் எதையும் மாத்திக்காதீங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். தலையாட்டியது மனப்பூர்வமாகத்தான். ஆனால் புபுத்தி என்று ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரியும், உன் பக்கத்து மேஜையில் இருக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: உறவுக்காரன் நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, "இதை உன்னிடம் கேட்கிறேன்" என்று வாய் திறந்துவிட்டால், கொடுப்பதைத் தவிர மனுஷனுக்கு வேறு வழி கிடையாது. இல்லை என்று சொன்னவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாய்கூட வராது. அப்படியிருக்க, விளக்கு வாங்கிய கைதாராவின் தங்கை புருஷன் தபுவா மறுநாள் காலையிலேயே வந்து உட்கார்ந்தான். "மச்சான், படகு இன்ஜின் பிடிக்கமாட்டேங்குது. உன் பேட்டரியைக் கேக்குறேன்" என்றான். கைதாரா என்ன செய்வான்? "எடுத்துக்கப்பா" என்றான். பேட்டரி போன பிறகு தகட்டை வைத்துக்கொண்டு அவன் என்ன பண்ணுவது? வெறும் வெயிலைப் பிடித்து எதில் ஊற்றுவது? அதற்குள் இரண்டு சபைக்காரர்களும் எங்கள் கோயில் இருட்டு, உங்கள் கோயில் வெளிச்சம் என்று போட்டி போட்டு, வீடு வீடாகப் போய் விளக்குகளைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை போதகர்கள் இரண்டு பேருமே வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் ஜெபம் பண்ணினார்கள்.

தகடுகள்தான் மிச்சம். அதையெல்லாம் கேட்டு வாங்கியவள் என் அண்ணி ரகேரா. அண்ணன் பைத்தேகே அப்போது உயிரோடு இருந்தார். நான் கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்து அவர்கள் வீட்டில்தான் படுத்துக்கிடந்தேன், அதனால் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. கறுப்புத் தகட்டின் மேல் மீனைப் பரப்பினால் பாயில் காய்வதைவிடச் சீக்கிரம் காய்கிறது, ஈயும் உட்காருவதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். ஊரிலுள்ள தகடெல்லாம் அவள் கூரையில் ஏறிவிட்டது. தாழங்கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அண்ணனுக்குக் குனிந்து குனிந்து நுழைந்து கழுத்துப் பிடித்துக்கொண்டது. பிறகு சோதனைக்கு ஒருவர் வந்தார். விளக்கு இருக்க வேண்டிய வீடுகளில் விளக்கு இல்லை. தபுவாவின் படகில் ஊரெல்லாம் கேட்டு வாங்கிய பேட்டரிக் குவியல். ரகேரா கூரையில் சூரை மீன் கருவாடு. அவர் எழுதிக்கொண்டு போனதுதான் அந்த "பராமரிப்பு இல்லை." அவள் தினம் காலையில் ஏறி ஒவ்வொரு தகட்டையும் துணியால் துடைத்தாளே, மீன் ஒட்டக்கூடாது என்று, அது பராமரிப்பு இல்லையா?

இப்போதைய சங்கதிக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பிஜிக்காரப் பெண் லவேனியா போன கப்பலில் வந்து இறங்கினாள். கெட்டிக்காரி. தகடு, பேட்டரி எல்லாவற்றையும் ஒரே வேலிக்குள் வைத்து, அதை வைத்து ஒரு ஐஸ் அறை ஓட்டலாம், மீன் கெடாது என்று படம் போட்டுக் காட்டினாள். இங்கே பிடித்த மீனில் பாதி கரையிலேயே நாறுகிறது என்பது உனக்குத் தெரியும். என் மகள் வீட்டார் ஐஸ் வந்தால் இருப்போம், வராவிட்டால் அடுத்த கப்பலில் தாராவாவுக்கு வந்துவிடுவோம் என்று பாயைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே இது விளையாட்டு இல்லை.

ஆனால் ஊர்க்கூடத்துக்கு வந்த அந்தப் பெண் விருந்தாளி இடத்தை விட்டுவிட்டு, காற்று வருகிறது என்று நம் குடும்பம் மட்டும் உட்காரும் தூணடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்தவள் நம் வீட்டுப் பெண் ஆகிவிட்டாளே. ரகேரா ஒரு நொடியும் வீணாக்கவில்லை.

"மகளே, உன் தொப்பி நல்லாருக்கே. அதைக் கேக்குறேன்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். அப்புறம் டார்ச் போனது, குடை போனது, வெயில் அளக்கிற கருவியும் போனது. கருவியைக் கேட்டது என் மகள் புருஷன். அது பத்திரமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, வெயில் அடிக்கிறது என்று தினமும் சரியாகவே சொல்கிறது. அதைப் பற்றி அலுவலகத்தில் பேச வேண்டாம்.

மறுநாள் லவேனியா அதே தூணடியில் வந்து உட்கார்ந்தாள், வெறுந்தலையோடு. "எங்க ஊர்லயும் இந்த வழக்கம் உண்டு, தாத்தாமார்களே. நான் இந்த வீட்டுப் பொண்ணுதானே? அப்ப நானும் கேக்கலாம். படகுத்துறை பக்கத்துத் தென்னந்தோப்பைக் கேக்குறேன்" என்றாள்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. தோப்பு என்னுடையது. காலையும் மாலையும் நான் ஏறிப் பாட்டுப் பாடிப் பதநீர் இறக்குகிற மரங்கள் அங்கேதான் நிற்கின்றன, தகடுகளின் மேல் நிழல் விழும் என்று அவற்றை வெட்ட வேண்டுமாம். நான் தயங்கவே இல்லை. கொடுத்தேன். தோப்புப் பக்கம் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன் என்று மரேதா இப்போது சொல்கிறாள். அது மேகம் பார்த்தது.

அப்புறம்தான் லவேனியா அந்த வார்த்தையைச் சொன்னாள். "எல்லாம் ஒரு பூட்டுக்குள்ள இருக்கும். சாவி ஒருத்தர்கிட்ட. அவர் யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லத் தெரிஞ்சவரா இருக்கணும். அப்படி ஒருத்தர் பேரை அடுத்த கப்பல்ல தாராவாவுக்கு அனுப்புங்க. இல்லாட்டி ஐஸ் அறை பக்கத்துத் தீவுக்குப் போயிடும்."

பெரியவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

ரகேரா வாயிலிருந்த சுருட்டுப் புகையை ஊதிவிட்டுச் சொன்னாள்: "நீயா? உன் சைக்கிளை யார் கேட்டு வாங்கிட்டுப் போனா, தம்பி?"

"அண்ணி, நான் கப்பல்ல வேலை பாத்தவன். ஜெர்மன்கார கேப்டன்கிட்டயே முடியாதுன்னு சொன்னவன்."

"கேப்டன் உனக்கு மச்சானா? மச்சான்கிட்ட சொல்லு, பாக்கலாம். சாவியை என்கிட்ட குடுக்கச் சொல்லு, நான் பாத்துக்கிறேன்."

மருமகனே, யோசித்துப் பார். ஊரின் தகடெல்லாம் கேட்டு வாங்கி மீன் காயவைத்தவளிடம் சாவியா? ஐஸ் அறை முழுக்க அவள் கருவாடுதான் இருக்கும். நான் அப்படியில்லை. போன மாதம் என் பெரியப்பா பேரன் வந்து என் மீன்வலையைக் கேட்டான். இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். வலையை முந்தின நாளே கைதாராவின் மகன் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தான் என்பது வேறு விஷயம், இல்லை என்று சொன்னது நான்தான். ஆகவே அங்கே திரும்பிவிட்ட லவேனியாவிடம் என் பேரைச் சொல்லி, நாகிபேவிடம் சாவி இருந்தால் அவனைப் பெற்றவளே எழுந்து வந்து கேட்டாலும் கதவு திறக்காது என்று உறுதியாகச் சொல். மகளிடமும் பாயை அவிழ்க்கச் சொல்லிவிட்டேன்.

உன் வலைக்கும் உன் பிள்ளைகள் வயிற்றுக்கும் குறைவு வராமல் இருக்கட்டும். தங்கைக்கு என் அன்பைச் சொல். பதநீர்ப் பாகு ஒரு பாட்டில் இதோடு வருகிறது, கப்பலில் உறவுக்காரர்கள் யாரும் இல்லாவிட்டால் வந்து சேரும்.

உன் மாமன் நாகிபே, பெருவிரலால்.

பின்குறிப்பு: மரேதா காகிதத்தை மடிக்கப் போகும்போது ரகேரா வந்து வாசலில் உட்கார்ந்தாள். பதநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். "கேளுங்க அண்ணி" என்றேன், பழக்கதோஷம். "அந்தச் சாவிக்கார வேலையைக் கேக்குறேன்" என்றாள். மரேதா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் கடலைப் பார்த்தேன், கப்பலைப் பார்த்தேன். கொடுத்துவிட்டேன்.

ஆகவே மேலே என் பேர் வருகிற இடத்திலெல்லாம் அவள் பேரை வைத்து வாசி. "ஊர்க்காரங்க வந்து ஐஸ் கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்று அவளிடம் கேட்டேன். "கேக்கட்டும். கேட்டவன் வீட்டு வாசல்ல மறுநாள் காலையில நான் உக்காந்திருப்பேன். என்ன கேப்பேன்னு அவனுக்குத் தெரியாது" என்றாள். உடனே என் மகள் புருஷன் உள்ளே போய் வெயில் கருவியைத் துணி போட்டு மூடினான். நானே பயந்துவிட்டேன். பூட்டே வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். பாய் அவிழ்த்தது அவிழ்த்தபடியே இருக்கட்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அந்த முதல் விளக்கு வாங்கிய வீட்டுப் பெரியவர்களில் அண்ணன் பைத்தேகே போய்விட்டார், கைதாரா போய்விட்டான், தபுவா படகோடு போனவன் திரும்பவே இல்லை. இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான், லவேனியாவிடம் அந்தப் பேரைச் சொல்: ரகேரா.